பாதி வீடு, பாதி பி.எஃப்

மூன்று மாதமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு வாங்கினோம்.

அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு, பிறகும் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு வங்கியில்தான் ஆரம்பித்தது. மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை. ஈரக் குடையை வாசலில் இருந்த வாளியில் போட்டுவிட்டு, நானும் என் கணவரும் லோன் ஆபீசர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சின்னப் பெண். எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நல்ல சிரித்த முகம். எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

“சேட்டனுக்கு சர்வீஸ் இனி எத்ர கொல்லம் உண்டு?”

இன்னும் எத்தனை வருஷம் வேலை என்று கேட்கிறாள்.

“ஏழு” என்றார் இவர்.

அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டினாள். சிரிப்பு முகத்தில் அப்படியேதான் இருந்தது. ஆனால் கொஞ்சம் களைத்துப்போனது. ரிட்டயர் ஆவதற்குள் கடன் முடிய வேண்டும். ஏழே வருஷத்தில் முடிய வேண்டுமென்றால் மாதத் தவணை எங்கள் கைக்கு எட்டாது. தவணை எட்ட வேண்டுமென்றால் கடன் சிறியதாக வேண்டும். கடன் சிறியதாக வேண்டுமென்றால்…

“டவுன் பேமென்ட் கூடுதலா போடணும் சேச்சி” என்றாள், பாவமாக.

கூடுதலாகப் போடுவதற்கு எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். இவருடைய பி.எஃப்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு அறிமுகம். இவர் என்றால் பரமசிவன், என் கணவர். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். நான் அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் பார்க்கிறேன். பிறந்தது கொழிஞ்சாம்பாறை. கல்யாணமாகி மலையேறி இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இருபத்துநாலு வருஷமும் ஒரே வீடுதான். லயம்.

லயம் என்றால் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடு. ஒரு ரூம், ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நமக்குக் கேட்கும். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை முடிந்தால் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். மாமனார் ரிட்டயர் ஆனபோது இவர் ஃபாக்டரியில் சேர்ந்திருந்ததால், அதே வீடு இவர் பெயருக்கு மாறியது. எங்களுக்குப் பிறகு மாற்றுவதற்கு ஆள் இல்லை. மகள் கோவையில் லேப் டெக்னீஷியன். தேயிலைக்குத் திரும்பி வருவாளா? வந்தால்தான் நான் விடுவேனா?

டவுன்காரர்களுக்கு வீடு ஒரு கவலை, ரிட்டயர்மென்ட் இன்னொரு கவலை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு இரண்டும் ஒரே நாள் காலையில் வந்து நிற்கும். சம்பளம் நிற்கிற அதே நாளில் கூரையும் போகும்.

“அப்படியானால் மலையிலேயே ஒரு சின்ன இடம் வாங்கிப் போட வேண்டியதுதானே?” என்பீர்கள். வாங்கலாம். ஆனால் எங்கள் கைக்கு எட்டுகிற இடங்களுக்கெல்லாம் பட்டயம், அதாவது பட்டா, இருக்காது. பட்டயம் இல்லாத மண்ணுக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதனால்தான் என் ஊர்ப் பக்கம் தேடினோம்.

வங்கியில் இருந்து திரும்புகிற ஜீப்பில் இவர் ஃபைலை மடியில் பிரித்துக் காகிதங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பி.எஃப்ப எடுத்துருவோம் சரசு. வீடு வாங்கன்னா குடுப்பாங்களாம். கேட்டுட்டேன்.”

“முழுசுமா?”

“முழுசும் போட்டாத்தான் தவணை அடங்கும்.”

“அப்பறம் என்னத்தத் திங்கறதுங்க?”

“வீடு இல்லன்னா எங்க உக்காந்து திங்கது?”

ஜீப்பில் எங்களோடு இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கும்தான். இரண்டுமே சரியான கேள்வி என்பதுதான் கஷ்டம்.

எனக்கு ரிசார்ட்டில் பி.எஃப் எல்லாம் கிடையாது. மாதாமாதம் போஸ்ட் ஆபீசில் கட்டுகிறேன். அது எங்கள் மருந்துச் செலவுக்கு என்று மனசுக்குள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இவருக்கு ரிட்டயர் ஆன பிறகு ஒரு பென்ஷன் வரும். வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் அளவு. ஆக, பி.எஃப் என்பது எங்களுக்கு வயதான காலத்துச் சோறு. அதைச் சுவரில் பூசிவிடலாமா?

தெரிந்துகொள்ளலாமே என்று மொபைலில் வீடியோ பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு தம்பி, “ரிட்டயர்மென்ட் பணத்தில் கை வைக்கவே கூடாது” என்றார். அடுத்த வீடியோவில் அதேமாதிரி சட்டையில் இன்னொரு தம்பி, “வாடகை கொடுப்பது முட்டாள்தனம், முதலில் வீடு” என்றார். இரண்டு பேருக்கும் முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு பேரிடமும் ஏழு வருஷத்தில் யாரும் சாவியைக் கேட்கப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் என் தம்பி ஊரில் இருந்து கூப்பிட்டான். கொழிஞ்சாம்பாறையில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். இரண்டு பெட்ரூம், அஞ்சு சென்ட், பேப்பர் எல்லாம் சுத்தமாம். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன். அவசரமாகக் கொடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மலையில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பியவர்கள் வெயிலில் போய் இறங்கினோம். இடுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது எனக்கு. நாற்பத்தேழில் இப்படி என்றால்… அதை விடுங்கள்.

வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம். எழுபத்திரண்டு வயது என்றார். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. கேட்டிலேயே நின்றிருந்தார்.

“வாங்க வாங்க. மலையில இருந்து வர்றீங்கன்னு தம்பி சொன்னாருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. ஊடு எங்கயும் ஓடிப் போயராது.”

வீட்டைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்டினார் என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவரிடம் ஒரு சரித்திரம் இருந்தது. நிலைக்கதவு தேக்கு, மரத்தை அறுக்கும்போது பக்கத்திலேயே நின்றாராம். மாடிப்படியின் ஒவ்வொரு படியும் ஒரே உயரம். ஒரு படி அரை அங்குலம் கூடிவிட்டது என்று இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினாராம். சமையல் மேடையை அவர் மனைவி தங்கமணியின் உயரத்துக்கு அளந்து போட்டாராம்.

“கான்ட்ராக்டுக்கு உடலைங்க. நானே நின்னு கட்டினேன். என்ர சர்வீஸ் மொத்தமும் இந்த ஊடுதானுங்க.”

இவர் அவர் பின்னாலேயே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஸ்விட்ச் போர்டைக் கழற்றி வயரிங்கைப் பார்த்து, “நல்லா செஞ்சிருக்காங்க” என்றார். எலக்ட்ரீஷியன் வாயில் இருந்து அது சாமானியமாக வராது. பிறகு பெரிய ரூமின் நடுவில் நின்று கைகளை இரண்டு பக்கமும் நீட்டினார். எதிலும் இடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஐம்பத்தொரு வயது மனுஷன். பிறந்ததில் இருந்து கைகளை நீட்டினால் சுவரில் இடிக்கிற வீட்டில் இருந்தவர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பி.எஃப்பாவது ஒன்றாவது, வாங்கிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன். சத்தியமாக.

அப்போதுதான் தங்கமணியம்மா டீ போட என்னை உள்ளே கூப்பிட்டார்.

அடுப்பு மேடையில் மாத்திரை டப்பா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அறை இருக்குமே, அது. இரண்டு டப்பாக்கள். அதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு செங்கல் தடிமனுக்கு.

“அவருக்குங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா அம்மிணி. நெஞ்சுல ரெண்டு எடத்துல ஸ்டென்ட்டு வச்சிருக்குது. மருமகன்தான் பணம் கட்டுனாரு. இவரு அதத் திருப்பிக் குடுக்காமத் தூங்க மாட்டேங்கறாரு.”

“மில்லுல பென்ஷன் வருமில்லீங்களா?”

அவர் டீத்தூளைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். “வருது. இந்த டப்பாவுல புதங்கெழம வரைக்கும் வரும்.”

பிறகு, ஏதோ சாதாரண விஷயம்போல, பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“வந்த காசெல்லாம் செவுத்துல இருக்குது அம்மிணி. ரிட்டயர் ஆனப்போ பி.எஃப்பு, மத்தது எல்லாஞ்சேத்தி மொத்தமா வந்துது. பேங்குல கொஞ்சம் போடலாமுங்கன்னேன். ஊடு முடியட்டும், அப்பறம் பாக்கலாம்னாரு. ஊடு முடிஞ்சுது. காசும் முடிஞ்சுது. இப்ப இதக் குடுத்தாத்தான் கையில நாலு காசு நிக்கும்.”

“இதக் குடுத்துட்டு எங்க போவீங்க?”

“கோயமுத்தூருலதான். மக ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு போர்ஷன் வாடகைக்குப் பாத்திருக்கறா. மூணாவது மாடி. லிப்ட்டு இல்ல.” டீயை ஆற்றினார். “பாக்கலாம். ஏறோணுமில்ல.”

டீயை வாங்கிக்கொண்டேன். குடித்தேனா என்று நினைவில்லை.

நாங்கள் எதைச் செய்யப்போகிறோமோ, அதையே பதினாலு வருஷம் முன்னால் செய்து முடித்தவர்கள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வயதான காலத்துச் சோற்றைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் பூசப்போகிறோம். அவர்கள் அதே சுவரை இடித்துச் சோறாக்கப் பார்க்கிறார்கள். இதில் யார் புத்திசாலி?

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் இவரிடம் சொன்னேன். தங்கமணியம்மா சொன்னது எல்லாவற்றையும். மாத்திரை டப்பா, மூன்றாவது மாடி, மருமகன் பணம்.

இவர் எதிரில் இருந்த தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ எழுபது வயசுல நாமளும் இப்படி கேட்டுல நின்னு ஆளுகளுக்கு வீட்டக் காட்டணும்” என்றார்.

“வேண்டாம்னு சொல்லிடலாமுங்களா?”

“சொல்லலாம். சொன்னா அவங்களுக்கு யாரு பணம் குடுப்பா?”

அதுவும் இருக்கிறதே! நாங்கள் பயந்து பின்வாங்கினால் அவர்களுடைய ஃபைல் இன்னும் கொஞ்சம் தடிக்கும். வாங்கினால் எங்கள் ஃபைல் அங்கே தொடங்கும். இப்படி ஒரு விலை பேசலை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. நான் ஏறப் படியில் காலை வைத்துவிட்டேன். இவர் ஏறவில்லை.

“இரு சரசு. ஒண்ணு கேட்டுட்டு வந்துருதேன்” என்று திரும்பி நடக்க ஆரம்பித்தார். கண்டக்டர் விசில் அடித்தார். நானும் இறங்கினேன்.

ஆறுமுகம் ஐயா எங்களைத் திரும்பப் பார்த்ததும், எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்து நாற்காலியின் அடியில் குனிந்து தேடினார். இவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்.

“அய்யா, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. எங்களுக்கு இந்த வீடு ஏழு வருசத்துக்குத் தேவையில்ல. கம்பெனி வீடு இருக்கு. உங்களுக்குப் பணந்தான் இப்ப தேவை, வீட்ட விட்டுப் போறது தேவையில்ல. எங்களுக்கு எழுதிக் குடுங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருங்க. வாடகைன்னு ஏதோ ஒண்ணு குடுத்தா அத நாங்க தவணையில சேத்துக்கிடுதோம். அப்பக் கடனக் கொஞ்சம் கூட்டி வாங்கலாம், முன்பணத்துக்கு எம் பி.எஃப் முழுசும் கரையாது. நீங்களும் மூணு மாடி ஏற வேண்டாம்.”

இதை இவர் எப்போது யோசித்தார்? தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருக்க வேண்டும். இருபத்துநாலு வருஷத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆறுமுகம் ஐயாவின் முகம் சிவந்துவிட்டது.

“என்ர ஊட்டுல… நானு வாடகைக்குங்களா?”

“அய்யா, நான் அப்படிச்…”

“செங்கல்லு செங்கல்லா நின்னு கட்டினவன் நானு. மாசம் பொறந்தா உங்க கையில வாடகை குடுத்துப்போட்டு இந்தத் திண்டுல உக்காரோணுமா? ஊரு என்னங்க பேசும்? வேண்டாமுங்க. வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லைன்னா உடுங்க.”

விருட்டென்று உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

தங்கமணியம்மா வாசல்வரை வந்தார். “கோபமில்லீங்க. வெக்கம்” என்றார், தணிந்த குரலில்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். மறையூர் தாண்டும்வரை இவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். “பெரிய மனுசன நோகடிச்சுட்டேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான். வீடும் இல்லை, பேச்சும் இல்லை. முதுகுவலி மட்டும் மிச்சம்.

நாலு நாள் கழிந்தது. ரிசார்ட்டில் ஒரு பெரிய குடும்பம் செக்-இன் செய்துகொண்டிருந்தது. “மேடம், நீங்க லக்கி. தினமும் இந்த வியூ!” என்று ஒரு அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

“அம்மிணி, நாந்தான் ஆறுமுகம் பேசறனுங்க.”

“சொல்லுங்கய்யா.”

பின்னால் ஏதோ குக்கர் விசில்.

“வாடகை எவ்வளவுங்க கேப்பீங்க?”

எதிரில் இருந்த அம்மா ரூம் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு நிமிஷம் மேடம்” என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

“நீங்களே சொல்லுங்கய்யா.”

அவர் ஒரு தொகை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊருக்கு அது ரொம்ப அதிகம்.

“அவ்வளவு வேண்டாமுங்கய்யா.”

“அதென்னங்க? பக்கத்துல புது ஊட்டுக்கு அப்படித்தான் குடுக்கறாங்க. என்ர ஊடு அதவிட மட்டமுங்களா?”

“மட்டமில்லீங்கய்யா. பாதி போதும்.”

“பாதிக்கெல்லாம் நானு இருக்க மாட்டேனுங்க.”

உலகத்தில் எங்காவது குடியிருக்கப் போகிறவர் வாடகையை ஏற்றி, வீட்டுக்காரி இறக்கிப் பேரம் பேசியிருக்கிறார்களா? நாங்கள் பேசினோம். கடைசியில் பின்னால் இருந்து தங்கமணியம்மா ஏதோ சத்தம் போட, நடுவில் ஒரு இடத்தில் நின்றது.

பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். நானும் கூடக் கையெழுத்துப் போட்டால் என் வயதைக் கணக்கில் எடுத்துக் கடன் காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம் என்று அந்த வங்கிப் பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். அவளுக்கு நல்லது நடக்கட்டும். பி.எஃப் ரெக்கார்டில் இவர் பெயர் ‘பரமசிவம்’ என்று இருந்தது. ஆதாரில் ‘பரமசிவன்’. அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு நாள் சம்பளம் போயிற்று.

பி.எஃப் விண்ணப்பத்தில் எவ்வளவு வேண்டும் என்று எழுதுகிற இடத்துக்கு வந்தபோது இவர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீயே எழுது. பொறகு என்னையச் சொல்லக் கூடாது.”

பாதியை எழுதினேன். பாதியை விட்டேன். என் போஸ்ட் ஆபீஸ் பணத்தைத் தொடவில்லை. அதற்காக இவர் ஆசைப்பட்ட ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது: மாடியில் ஒரு ரூம், தனக்கு ஒரு வொர்க்‌ஷாப். “கெடக்கு விடு” என்றார். சொல்லிவிட்டு ஃபாரத்தை மடித்த விதத்தில் எனக்குத் தெரிந்தது, அது அவ்வளவு லேசாகக் கிடக்கவில்லை என்று.

ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் ஆறுமுகம் ஐயா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கிரயப் பத்திரத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் சட்டைப் பையில் இருந்து சாவிக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா” என்றார்.

வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று தெரியவில்லை. அஞ்சாறு நொடி இருக்கும். திருப்பி தங்கமணியம்மா கையில் கொடுத்தேன். அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, “வாங்க, சாப்புட்டுப் போட்டுப் போலாம்” என்றார். அவர்கள் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், விருந்தாளிகளாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மனசு நிறைந்துதான் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி வரும்வரை நிறைந்தே இருந்தது. அதன்பிறகுதான் அந்த எண்ணம் வந்தது.

ஏழு வருஷம் கழித்து எங்களிடம் கம்பெனி சாவியைக் கேட்கும். நாங்கள் பெட்டி படுக்கையோடு கொழிஞ்சாம்பாறைக்கு வருவோம். அன்றைக்கு ஆறுமுகம் ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயதாகியிருக்கும். யார் போய் அவரிடம் காலி செய்யுங்கள் என்று சொல்வது? காலி செய்யச் சொல்வார்களே என்று பயந்து பயந்து வீடு தேடிய நாங்களா?

இவரிடம் கேட்டேன். டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ரெண்டு பெட்ரூம் இருக்குல்லா” என்றார்.

“அதுக்கு?”

“நாம ரெண்டு பேரு. அவங்க ரெண்டு பேரு.” தூங்கிவிட்டார். அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

வீடா, பி.எஃப்பா, எது முதலில் என்று இனிமேல் யாராவது என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டையும் அரைகுறையாகச் செய்திருக்கிறோம். பாதி பி.எஃப் போய்விட்டது, பாதி இருக்கிறது. வீடு வந்துவிட்டது, ஆனால் அதில் நாங்கள் இல்லை. தவணை மட்டும் முழுசு. சம்பளத்தில் முதல் தவணையைப் பிடித்த மாதம், இவர் ஃபாக்டரிக்குக் கூடுதலாக இரண்டு ஞாயிறு வேலைக்குப் போனார். நான் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. ஆனால் அங்கே ஒரு மனுஷன் மூன்று மாடி ஏறாமல் சிட்-அவுட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று நினைக்கும்போது, அந்தக் களைப்பைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆறுமுகம் ஐயா. உடம்புக்கு ஏதாவதோ என்று பதறிப்போய், ஈரக் கையோடு எடுத்தேன்.

குரல் கணீரென்று இருந்தது. அத்தனை நாளில் நான் கேட்காத ஒரு மிடுக்கு.

“ஏனுங்க, ஹவுஸ் ஓனருங்களா? மோட்டார் ஓட மாட்டேங்குதுங்க. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, காயில் எரிஞ்சு போச்சுங்கறான். எப்பங்க மாத்திக் குடுப்பீங்க?”

நமக்கும் சொந்த வீடு வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.